பதினேழு நாள் திறந்து கிடந்த பட்டியல்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலைதான், பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கீழே போய் ஒரு காபி குடிக்கலாம் என்று நினைத்துத்தான் கோகிலவாணி அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேள்வியை டைப் செய்தாள். நம் டேட்டாபேஸில் எந்தெந்தப் பட்டியலை யார் யார் பார்க்க முடியும், சரிபார்த்துச் சொல். அவ்வளவுதான் கேள்வி. ஆபீசில் எல்லோரும் ஏஜென்ட் என்று சொல்கிற அந்த ஏஐ, கேட்டதைப் புரிந்துகொண்டு உள்ளே போய்ப் பார்த்துப் பதில் சொல்லும். அனுமதிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு கருவியையும் அதன் கையில் கொடுத்திருந்தார்கள். அது மரியாதையான பிறவி. வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கும். வணக்கம் கோகிலவாணி, முப்பத்திரண்டு பட்டியல்களைச் சோதித்தேன், முப்பத்தொன்று சரியாக உள்ளன, ஒன்றில் மட்டும் கவனம் தேவை என்றது. ஒன்றுதானே, ஏதாவது பழைய ஸ்டேஷனரிக் கணக்காக இருக்கும் என்று அலட்சியமாக அடுத்த வரிக்குக் கண்ணை ஓட்டியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பட்டியலின் பெயர் இருப்பிடம். பார்க்க அனுமதி உள்ளவர்கள், எல்லோரும். எப்போதிலிருந்து, பதினேழு நாட்களாக. அனுமதி வழங்கியவர், கோகிலவாணி. அந்தக் கடைசிச் சொல்லை அவள் மூன்று முறை படித்தாள், வேறு யாரோ ஒரு கோகிலவாணி இந்த ஆபீசில் இருந்து தொலைக்கக் கூடாதா என்று நினைத்தபடி. கை தானாகப் போய் அனுமதியைப் பிடுங்கிப் போட்டது, அதற்கு ஆறு விநாடி ஆனது. ஆறே விநாடியில் முடிகிற வேலை பதினேழு நாளாகச் செய்யாமல் கிடந்திருக்கிறது. பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். இந்தப் பதினேழு நாளில் அதை யாராவது படித்தார்களா? பதிவுகளை நாள்வாரியாகப் படிக்க வேண்டும், சர்வர் பழையது என்பதால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும், தயவுசெய்து காத்திருங்கள் என்றது அது.

காத்திருங்களாம். இருப்பிடம் என்பது நாற்பத்தொரு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு பெண். புருஷனிடமிருந்தோ அப்பனிடமிருந்தோ அண்ணன்காரனிடமிருந்தோ தப்பி சேலத்தில் இந்தக் காப்பகத்தின் படியேறி வந்தவள், அவளை எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்கிற விவரம். அதைப் பார்க்கிற உரிமை இரண்டே பேருக்குத்தான், காப்பகத்தை நடத்துகிற லோகநாயகி அம்மாவுக்கும், கம்ப்யூட்டர் பக்கம் முழுவதையும் பார்த்துக்கொள்கிற கோகிலாவுக்கும். ஆபீசில் மற்ற பதினாலு பேருக்கும் வேறு எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. அப்படித்தான் ஒன்பது வருஷமாக இருந்தது, அவளே கட்டிய பூட்டு, அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. முதல் நாள், யாரும் படிக்கவில்லை. திரையில் அந்த வரி வந்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. முதல் நாள் என்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஆபீசில் பூஜை போட்ட நாள். அன்றைக்குக் காலையிலிருந்து புது ஏஜென்டை இணைத்துக்கொண்டிருந்தாள், அது எதைக் கேட்டாலும் எனக்கு அனுமதி இல்லை, எனக்கு அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க எல்லாப் பூட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு. பார்த்துவிட்டு மூடிவிடலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் மேனேஜர் வேலாயுதம் சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சர்வர் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், மேலே செவ்வந்திச் சரம். இவளுடைய கீபோர்டுக்கும் ஒரு பொட்டு. சூடம் காட்டி முடித்ததும் இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனாள்.

"அட அம்மிணி, என்ன பண்றீங்க? பூசை போட்டாச்சு. இனி பொட்டியத் தொடக்கூடாதுங்க."

"ரெண்டே நிமிசம் சார். ஒண்ணு தொறந்து கெடக்குது, மூடிப்போட்டு வந்துடறேன்."

"ஆயுதமெல்லாம் ஓய்வெடுக்கற நேரமுங்க அது. விஜயதசமி முடிஞ்சு வந்து மூடுங்க, எங்க ஓடிப்போயிருது? பொரி வாங்கிக்கங்க மொதல்ல."

பொரியை வாங்கிக்கொண்டாள். முந்தானையில் வாங்கி, அவல் பொரியில் இருந்த பொட்டுக்கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தது இப்போது நாக்கில் ருசியோடு ஞாபகம் வந்தது. சாரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கலாமே. அவர் என்ன, கையைப் பிடித்தா இழுத்தார்? இல்லை, இவளுக்கே உள்ளுக்குள் ஒரு இது. குங்குமம் வைத்த கீபோர்டில் விரலை வைத்தால் என்னவோ ஆகிவிடும் என்று எம்.சி.ஏ. படித்த புத்திக்கு அடியில் ஏதோ ஒன்று பம்மிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள், யாரும் படிக்கவில்லை. மூன்றாம் நாள், யாரும் படிக்கவில்லை. விடுமுறை நாட்கள், யார் வந்து படிக்கப் போகிறார்கள், இதையெல்லாம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை இவள் லீவு, மாமியாரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்குத்தான் வேலாயுதம் சார் மாலையை எடுத்துப் போட்டு எல்லோரையும் வேலை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை இவள் உள்ளே நுழையும்போதே வரவேற்பில் இருக்கிற சுமித்ரா கையைத் தட்டினாள், அக்கா உங்க ஏஜென்ட் என்னமா பதில் சொல்லுதுங்க, எதைக் கேட்டாலும் டக்கு டக்குன்னு. லோகநாயகி அம்மாகூட, கோகிலா கைவெச்சா அது துலங்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைக் கேட்டு இவள் என்ன செய்தாள்? வெட்கப்பட்டுச் சிரித்தாள். போன வாரம்வரை அனுமதி இல்லை என்று அழுத பிராணி இன்றைக்கு எப்படிப் பேசுகிறது என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. பூட்டே இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் டக்கு டக்கென்று போய் வரலாம், அதற்குப் போய் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், வீட்டில் வேறு பெருமையடித்தாள். கட்டையில போறவளே, என்று அவள் தன்னையே வாய்விட்டுத் திட்டினாள். அறையில் வேறு யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள், ஆனால் மனசு ஒரே ஒருத்தியிடம் போய்ப் போய் முட்டியது. நதியா. ஆத்தூர்க்காரி, இருபத்தொன்பது வயசு, ஆறு வயசுப் பெண் மிருதுளாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏப்ரலில் வந்தாள். ஆறு வயசுப் பிள்ளையை யாராவது இடுப்பில் தூக்குவார்களா, இறக்கிவிட்டால் அது செருப்பில்லாமல் தார்ரோட்டில் நிற்க வேண்டும், அதனால் தூக்கியிருந்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. பிறவியில் கேட்ட காதுதான். புருஷன் செல்போன் கடை வைத்திருக்கிறான், தொலைந்த போனையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பதில் பேர் வாங்கியவன், அடித்த கையாலேயே தலையைக் கோதிவிட்டு அத்தனை இனிமையாகப் பேசுவானாம். அந்தக் குரலைக் கேட்டா நீங்களே என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவீங்கக்கா என்று நதியா ஒரு நாள் சொன்னாள். சாதாரணமாக இருப்பிடம் ஏற்பாடு செய்வது லோகநாயகி அம்மா. நதியாவை மட்டும் கோகிலா கூட்டிப்போக வேண்டியதாயிற்று, அம்மாவுக்கு அன்றைக்குக் கோர்ட்டில் வேலை. கரூர் போகிற பஸ்ஸில் குழந்தை இரண்டு தடவை வாந்தியெடுத்தது, இரண்டாவது தடவை கோகிலாவின் மடியிலேயே. வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டுக் காட்டி, இனிமேல் உன் பேர் கவிதா, மறந்துடாதே என்று சொன்னபோது நதியா வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, இந்த வீடு யார் யாருக்குத் தெரியுங்கக்கா என்றாள். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், வேறு ஈ காக்காய்க்குத் தெரியாது. இவள் வாயால்தான் சொன்னாள். வாந்தி நாற்றம் அடிக்கிற சேலையோடு, ஏதோ பெரிய சத்தியம் செய்கிற மாதிரி அவள் கையைப் பிடித்து வேறு அழுத்தினாள். ஆறாம் நாள், யாரும் படிக்கவில்லை. ஏழாம் நாள், யாரும் படிக்கவில்லை.

போன் பண்ணு. அந்த எண்ணம் முதல் நிமிஷத்திலிருந்தே கூடவே உட்கார்ந்திருந்தது, இவள்தான் அதன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் பண்ணி என்னவென்று சொல்வது? யாராவது பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம் என்றா? ஏற்கெனவே யாராவது கதவைத் தட்டினால் குழந்தையின் வாயைப் பொத்துகிறவள். இல்லாத பூதத்தை எதற்குக் கிளப்ப வேண்டும், இன்னும் பத்தே நிமிஷம், முழுதாகப் படித்து முடிக்கட்டும், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும். அந்தச் சொல் எங்கேயோ தட்டியது. அப்படியென்றால் நதியா பயப்படக் கூடாது என்பதற்காக இவள் காத்திருக்கவில்லை. லோகநாயகி அம்மாவின் அறைக்குப் போய் நின்று, அம்மா நான்தான் என்று சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று பார்ப்பதற்குக் காத்திருக்கிறாள். இல்லை, அப்படி இல்லை, அதுவும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முழுக்க அதில்லை. எட்டாம் நாள். அனுமதி வழங்கியவர் என்கிற பதிவை அழிக்க முடியும், அவள்தானே எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருப்பவள், நாலு வார்த்தை டைப் செய்தால் பதினேழு நாளும் நடக்காத நாளாகிவிடும், அந்த மரியாதைக்காரப் பிராணிகூட அப்புறம் வணக்கம் கோகிலவாணி, எல்லாம் சரியாக உள்ளது என்றுதான் சொல்லும். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் வருமென்று அவள் நினைத்ததில்லை. வந்தது, நின்று நிதானமாகத் தன்னைக் காட்டிவிட்டுப் போனது. காது இரண்டும் சுட்டன. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது, அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

ஒன்பது, யாரும் இல்லை. கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகுதான் அது எவ்வளவு கோணல் என்று உறைத்தது. நடக்கப் போவதற்கு வேண்டிக்கொள்ளலாம், நடந்து முடிந்ததற்கு எப்படி வேண்டிக்கொள்வது? யாராவது படித்திருந்தால் போன வாரமே படித்தாயிற்று, அந்த நேரத்தில் இவள் தட்டைப்பயறு குழம்பு வைத்துக்கொண்டிருந்திருப்பாள், அம்மன் திரும்பிப் போய் அதை நடக்காததாக்க வேண்டுமா? ஆக்கினால் ஆகட்டும், தாயே, ஆக்கு. பத்து. யாரும் இல்லை. மேஜைக்குக் கீழே கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன, செருப்பைத் தேடி ஒன்றுதான் அகப்பட்டது. பதினொன்று. இப்போது ஒவ்வொரு யாரும் இல்லைக்கும் நிம்மதி வருவதற்குப் பதில் பயம் கூடியது. மிச்சமிருக்கிற நாட்கள் குறையக் குறைய அதில்தான் இருக்கிறது, அதில்தான் ஒளிந்திருக்கிறது என்று பட்டது. அந்த வீட்டுக்கு ஒரே வாசல். பின்பக்கம் கிணற்றடி, அதற்கப்பால் சுவர், சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பதைப் பார்த்து, நல்ல பாதுகாப்பு என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டாள். உள்ளே இருப்பவள் வெளியே குதிக்க வேண்டி வந்தால்? குழந்தையை வைத்துக்கொண்டு? அதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை, எதைத்தான் யோசித்தாள் அவள், எதைத்தான் உருப்படியாக யோசித்தாள். பன்னிரண்டு. அவன் வாசலில் நின்று அந்த இனிய குரலில் நதியா என்று கூப்பிடுகிறான், அவள் கேட்காத காதைக் கதவுப் பக்கம் வைத்துப் படுத்திருக்கிறாள். பதின்மூன்றாம் நாள், யாரும் படிக்கவில்லை என்று திரை சொன்னபோது கோகிலாவின் கண்ணில் எழுத்தெல்லாம் நீந்தின. இன்னும் நாலு நிமிஷம்தான். அந்த நாலு நிமிஷம் தன்னுடையது இல்லை, அது நதியாவுடையது, அதைத் தான் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றிய கணத்தில் அவளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. போனை எடுத்தாள். முதலில் வேறு யாருடைய நம்பரையோ அழுத்தி, வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். எடுக்க முடியாத நிலைமையில் இருக்கிறாள். ஆறாவது மணிக்கு எடுத்தாள்.

"அக்கா, சொல்லுங்க."

பின்னால் ஒரே இரைச்சல், ஹாரன், யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்கிற சத்தம்.

"நதியா, எங்க... வீட்ல இருக்கியா? மொதல்ல கதவச் சாத்து. இல்ல, சாத்தாத, பாப்பாவக் கூட்டிட்டு வெளிய..."

"நான் வீட்ல இல்லீங்கக்கா. காலைல அஞ்சு மணிக்கே கெளம்பிட்டேன். பாப்பா எங்கூடத்தான் இருக்கறா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நேத்து சாயங்காலம் கொரியர்ல ஒரு கவர் வந்துச்சுங்க. பக்கத்து வீட்டம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருந்தாங்க. ஏங் கவிதா, உன் வீட்டு நம்பருக்கு வந்திருக்குது, யாரு இது நதியான்னு கேட்டாங்க. பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்கக்கா. வெறுங்கவரு."

 கோகிலாவின் கண் தானாகத் திரைக்குப் போயிற்று. பதினாலாம் நாள், யாரும் படிக்கவில்லை. அதற்குக் கீழே அடுத்த வரியும் வந்து உட்கார்ந்திருந்தது. பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு, ஒரு வரி படிக்கப்பட்டுள்ளது. கேட்டவர் சுமித்ரா, வரவேற்பு. கேள்வியையும் அப்படியே எடுத்து வைத்திருந்தது. நதியாவின் மகள் மிருதுளாவுக்கு டி.சி. அனுப்ப வேண்டும் என்று பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சார் போன் செய்திருக்கிறார், ரொம்ப நல்ல மாதிரியாகப் பேசுகிறார், எந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லட்டும்? பதிலும் இருந்தது, கதவு எண்ணோடு, பின்கோடோடு. டி.சி. இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்க முடியாமல் மிருதுளா ஆறு மாசமாக வீட்டில் கிடக்கிறாள், சுமித்ராவுக்கு அது தெரியும், பாவம், பிள்ளை படிக்கட்டுமே என்று நினைத்திருப்பாள். அவளைத் திட்டக்கூட வழியில்லை. ஏஜென்டைத் திட்டவும் வழியில்லை, அது அனுமதி இருக்கிறதா என்று பார்த்தது, இருந்தது, சொன்னது. அந்த அனுமதிக்கு மேல் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"நதியா, நான்தான். நான்தான் தொறந்து போட்டேன். பூசை அன்னிக்கு. மூட மறந்துட்டேன். எங்க ஆபீஸ்லருந்துதான் போயிருக்குது உன் விலாசம். அவன் கேட்டான், நாங்களே சொல்லியிருக்கோம்." அவள் அழுதாள், அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தே அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ. ராத்திரியே வந்திருப்பேனே."

 நதியாவின் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லலாம்னுதான் போனை எடுத்தேனுங்க. அப்புறம் இந்த வீடு ரெண்டே பேருக்குத்தான தெரியும்னு நெனைச்சேன். நீங்க நல்லவங்கதான் அக்கா. அம்மாவும் நல்லவங்கதான். இனி எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் சொல்லிப்போடுவேன். சொன்னா எழுதி வெப்பீங்க."

கேட்கப் போகிறாள் என்று வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. அதை மூடிக்கொண்டாள். சாப்பிட்டியா என்று கேட்கலாமா, கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்கலாமா, பாப்பாவிடம் கொடு என்று சொல்லலாமா, எதைக் கேட்டாலும் அது வளைந்து வளைந்து எங்கே என்பதில்தான் போய் முடியும் என்று பயமாக இருந்தது. அந்தப் பக்கம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பத் தயாரானது. பாப்பா ஏறு, ஜன்னல் பக்கம் போ என்று நதியாவின் குரல் போனிலிருந்து விலகிக் கேட்டது. படிக்கட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு கண்டக்டர் தொண்டையைச் செருமினார், போகிற ஊரின் பெயரைக் கூவ ஆரம்பித்தார். முதல் எழுத்து முழுசாகக் காதில் விழுவதற்குள் கோகிலா போனைக் காதிலிருந்து பிடுங்கி எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி, அணைத்துவிட்டாள்.